வலது கை மை

நேற்று ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கொத்தமல்லி வாங்கப் போனேன். கட்டை நீட்டிய மனிதரின் வலது கை ஆட்காட்டி விரலில் நகத்தின் பாதியை மூடி மை கறுத்துக் கிடந்தது. இடது விரலிலும் இருந்தது. கட்டைத் திருப்பி அவர் கூடையிலேயே வைத்துவிட்டு நடந்தேன். "இன்னாம்மா, ஃப்ரெஷ்ஷா தானே கீது?" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார். கொத்தமல்லி ஃப்ரெஷ்ஷாகத்தான் இருந்தது.

இடது விரல் மை அவரவர் ஓட்டுக்கு. வலது விரலில் மை வைப்பது ஒரே ஒரு காரணத்துக்கு. கண் தெரியாதவருக்கோ முடியாதவருக்கோ துணையாக உள்ளே போய், அவருக்குப் பதிலாகப் பொத்தானை அமுக்கியவருக்கு அந்த மை. மார்க்கெட்காரர் பார்வை போன தன் தாயாருக்குத் துணை போயிருக்கலாம். நியாயமாக நான் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஆனால் உன் விஷயத்துக்குப் பிறகு எனக்கு அந்த நியாயமெல்லாம் வருவதில்லை. வலது விரலில் மையைப் பார்த்தால், யாரைக் குருடியாக்கிவிட்டு வந்தானோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய ஊரிகம் லைன் வீடுகளில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். உன் மிக்சி ஓடினால் என் அலமாரித் தட்டுகள் அதிரும். காலை ரயிலைப் பிடிக்க நீ ஓடும் செருப்புச் சத்தம்தான் எனக்கு அலாரம். பெங்களூர் கார்மெண்ட்ஸில் உனக்குச் செக்கிங் வேலை. நாள் முழுக்கச் சட்டைகள் உன் மேசையைத் தாண்டிப் போகும். காலரில் ஒரு தையல் விட்டிருந்தாலும் உன்னிடம் தப்பாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிக்க உன்னைத்தான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தொடும் வயதில், பொடி எழுத்து பைபிளைக் கண்ணாடி இல்லாமல் கடகடவென்று வாசிப்பாய். "கண்ணாடி போட்டுக்கக் கூடாதா, கண்ணு கெட்டுப் போவப் போவுது" என்று நான் சொன்னதற்கு, "மொதல்ல உனக்கு ஒண்ணு வாங்கு டீச்சர். உன் பசங்களுக்கு மூக்கு ஒழுவறது உனக்கே தெரியல" என்றாய்.

எனக்கு அங்கன்வாடியில் டீச்சர் வேலை. அதோடு வாக்காளர் பட்டியல் வேலையையும் தலையில் கட்டினார்கள். வீடு வீடாகப் போய்ப் பேர் சேர்ப்பது, இறந்தவர் பேரை நீக்குவது, ஓட்டு நாளில் பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வரிசை எண் பார்த்துச் சொல்வது. அதற்கு டிரெய்னிங் கொடுத்தபோது, பெண்களுக்கு ஓட்டு கிடைத்த கதை என்று கன்னடத்தில் ஒரு சின்னப் புத்தகம் தந்தார்கள். தண்ணீர் வரிசையில் நின்றுகொண்டு நான் அதை உனக்குத் தமிழில் சொல்வேன். பேத்தமங்களா ஏரித் தண்ணீர் நினைத்த நாளுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. கதை சொல்ல நேரத்துக்குப் பஞ்சமில்லை.

வெள்ளைக்கார மந்திரி ஒருவர் மெட்ராசுக்கு வந்தபோது சில பெண்கள் நேரில் போய், எங்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டார்கள். லண்டன்காரர்கள் நேரடியாகத் தரவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அந்தந்த மாகாணத்துச் சபை முடிவு செய்யட்டும் என்று தள்ளிவிட்டார்கள். சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்ணுக்கு ஓட்டு வேண்டுமா வேண்டாமா என்று ஆண்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். மெட்ராஸ் முந்திக்கொண்டு சம்மதித்தது. மைசூர் சமஸ்தானமும் அதிகம் பிந்தவில்லை. நாம் மெட்ராஸ் பக்கத்திலிருந்து வந்தவர்கள், மைசூர் பக்கத்தில் வாழ்கிறவர்கள், இரண்டுமே முன்னால் நின்றிருக்கின்றன பார் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

நீ குடத்தைக் காலால் தள்ளி நகர்த்திக்கொண்டே கேட்டாய். "யாருக்குக் குடுத்தாங்க? நம்ம ஆளுங்களுக்கா?"

சொத்து உள்ளவர்களுக்கு, வரி கட்டுகிறவர்களுக்கு என்றேன்.

"நம்ம ஆளுங்க அப்போ இங்க கல்லு பொறுக்கிகினு இருந்தாங்க. இருந்தது தட்டி வூடு. அந்தத் தட்டியும் சுரங்கக் கம்பெனிது. இந்த வூட்டுக்கு இன்னிக்கு வரைக்கும் பட்டா வரல. அந்தச் சட்டம் இன்னும் இருந்துச்சுன்னா எனக்கு இப்பவும் ஓட்டு கெடயாது, தெரியுமா?"

பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தில் அடுத்த சட்டம் இருந்தது. புருஷனுக்குச் சொத்து இருந்தால் பொண்டாட்டிக்கும் ஓட்டு. அதைக் கேட்டதும் நீ "த்தூ" என்று சாக்கடையில் துப்பினாய். முன்னால் நின்ற பெண் தன் மேல் துப்பினாய் என்று நினைத்துச் சண்டைக்கு வந்தது நினைவிருக்கிறதா? உன்னைச் சொல்லலைம்மா, சட்டத்தைச் சொல்றேன் என்று நீ அவளைச் சமாதானம் செய்தாய்.

விடுதலைக்குப் பிறகு எல்லாருக்கும் ஓட்டு என்று எழுதினார்கள். சொத்தும் கேட்கவில்லை, படிப்பும் கேட்கவில்லை. ஆனால் முதல் பட்டியல் எழுதப் போனபோது வேறு ஒன்று நடந்தது. வீட்டு வாசலில் வந்து நின்ற அந்நிய ஆணிடம் எத்தனையோ பெண்கள் தங்கள் பேரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று மட்டும் சொன்னார்கள். பேர் இல்லாமல் ஏற்க முடியாது என்று லட்சக்கணக்கானவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இதைக் கேட்டு நீ, "அவங்க பேரு சொல்லல, போச்சு. நம்ம தான் பேரு, போட்டோ எல்லாம் குடுத்துட்டமே. இனிமே யாரு வந்து புடுங்குவான்?" என்றாய்.

அந்த வருடம் நம் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. கட்சிக்காரர் ஒருவர் தன் மனைவியை நிறுத்தினார். ஃப்ளெக்ஸில் அந்த அம்மாள் ஓரத்தில் கும்பிட்டபடி நின்றாள். நடுவில் அவளைவிட இரண்டு மடங்கு பெரிதாகப் புருஷன் சிரித்தார். ஓட்டுக் கேட்டு வந்தபோதும் அவர்தான் பேசினார். எதிரில் நின்றவர் சுரங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸம்மா. தண்ணீருக்காக முனிசிபாலிட்டி வாசலில் போய் உட்கார்ந்த பொம்பளை. அவருக்கு ஃப்ளெக்ஸ் இல்லை. நீதான் துணியில் பேனர் தைத்துக் கொடுத்தாய். "என் ஓட்டு நர்ஸம்மாக்குத்தான்" என்று தண்ணீர் வரிசையில் எல்லார் காதிலும் விழச் சொன்னாய். பெண்ணுக்கென்று வந்த நாற்காலியில் ஒரு தடவையாவது பெண் உட்காரட்டும் என்பது உன் ஆசை. இத்தனை தேர்தலில் இதற்குத்தான் மனசாரப் போடப் போகிறேன் என்றும் சொன்னாய்.

சுரங்கம் மூடியதிலிருந்து உன் வீட்டுக்காரருக்கு நிலையான வேலை இல்லை. கட்சி ஆபீஸ் பெஞ்சு தேய உட்கார்ந்திருப்பார். தண்ணீர்த் தொட்டிக்கு வாட்ச்மேன் வேலை போட்டுத் தருவதாகக் கட்சிக்காரர் சொல்லியிருந்தார். பதிலுக்கு இவர் தன் வீட்டு ஓட்டையும் அக்கம்பக்கத்து ஓட்டையும் வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டு ஓட்டு என்பதில் நீயும் அடக்கம். உன்னைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நம் லைனில் இருந்த அந்த வழக்கத்தை எழுதவே கை கூசுகிறது. முதலில் உண்மையாகவே கண் தெரியாத கிழவிகளை மகன்கள் துணையாக அழைத்துப் போனார்கள். பிறகு மற்ற ஆண்களுக்கும் சூட்சுமம் புரிந்துவிட்டது. ஓட்டுச்சாவடி அதிகாரி வெளியூர்க்காரர், அவருக்கு யாரைத் தெரியும்? கண்ணாடி போட்ட பொண்டாட்டி, தலைவலிக்கிற பொண்டாட்டி, அதிகாரியைக் கண்டு பயப்படுகிற பொண்டாட்டி எல்லாரும் அன்று ஒருநாள் மட்டும் பார்வையற்றவர்கள் ஆனார்கள். ஒருவர் ஒருவருக்குத்தான் துணை போகலாம் என்பது விதி. அதனால் வீட்டுக்கு ஒரு குருடி. இதற்கு ஆண்கள் வைத்திருந்த பேர் "டபுள் ஷிப்ட்". சுரங்கத்தில் முதுகு ஒடிய உழைத்த அப்பன்மார்களின் வார்த்தையை இந்த ஈனத்தனத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பட்டியல் வேலை பார்க்கிற நான் அதைக் கேட்டுச் சிரிக்கவும் செய்திருக்கிறேன்.

அன்று காலை நீ சர்ச்சுக்குக் கட்டும் வெள்ளைப் புடவையில் வந்தாய். உன் முழங்கையை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டிருந்தார். உன்னிடம் அந்த வித்தை நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏதோ வேடிக்கை என்று நினைத்தேன். கதவருகே வந்ததும் அவர் அதிகாரியிடம், "இவளுக்குக் கண்ணு தெரியாது சார். கூட நான் போவணும்" என்றார்.

அதிகாரி உன்னைப் பார்த்தார். நீ அவரை நேராகப் பார்த்தாய். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் மேசைப் பக்கம் திரும்பி, "இவரிகெ கண்ணு காணிசல்வா மேடம்? கண்ணு தெரியாதா? நீங்க இந்த ஏரியா தானே, உண்மையா?" என்று கேட்டார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் கட்சிக்காரர் நின்றிருந்தார். என் அங்கன்வாடி நடந்த அறை அவர் தம்பியுடையது. பூட்டுப் போட ஒரு நிமிடம் ஆகாது. வரிசையில் இருபது பேர் நின்றார்கள். அதில் ஐந்தாறு பேர் முந்தின ஞாயிறு நீ வாசித்த சங்கீதத்தைக் கேட்டுவிட்டு வந்தவர்கள். ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருவர் போனைப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வாயால் சொல்லவில்லை. சின்னதாக, ஒரே ஒரு தடவை. அதிகாரிக்கு அது போதுமாக இருந்தது.

உன் இடது விரலில் மை வைத்தார்கள். உன் வீட்டுக்காரர் வலது விரலை நீட்டினார். ஏற்கெனவே தன் ஓட்டைப் போட்டு இடது விரலில் மை வாங்கியிருந்தார். உள்ளே மிஷின் நீளமாக ஒரு சத்தம் போட்டது. வெளியே வந்ததும் டீக்கடையைப் பார்த்து இரண்டு விரலையும் தூக்கிக் காட்டி, "அண்ணே, டபுள் ஷிப்ட் முடிஞ்சிது!" என்றார். அங்கே சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் விழுந்தால் எனக்குக் குமட்டுகிறது. அதைவிட அதிகமாக என்னை நினைத்தால் குமட்டுகிறது.

நீ என் மேசையருகே நின்றாய். வந்து போனவர்களின் வரிசை எண்களை நான் ஒரு தாளில் ஏறுவரிசையில் கையால் எழுதிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் நின்றபடியே தலைகீழாக அதை வாசித்தாய். "நாப்பத்தி ரெண்டுக்கு அப்புறம் நாப்பத்தி நாலு எழுதிகீற. நடுவுல ஒண்ணு வுட்டுட்ட டீச்சர்" என்றாய். குரலை உயர்த்தவில்லை. போய்விட்டாய். பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று உன்னுடைய எண்.

நர்ஸம்மா தோற்றார். உன் ஒரு ஓட்டால் அவர் ஜெயித்திருக்க மாட்டார், வித்தியாசம் பெரியது. அதனால் என்ன? ஜெயித்த அம்மாளின் நாற்காலியில் அடுத்த நாளே புருஷன் உட்கார்ந்தார். கையெழுத்துக்குப் போகிறவர்களிடம், "மேடம் வூட்ல சமைச்சிகினு கீறாங்க, எங்கிட்ட குடுங்க" என்பாராம். நூறு வருடத்துக்கு முன்னால் சபையில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பெண்ணுக்கு ஓட்டு கொடுத்ததை நாம் படித்தோமே. இப்போது பெண் பேரைப் பலகையில் எழுதிவிட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாட்ச்மேன் வேலையும் உன் வீட்டுக்காரருக்கு வரவில்லை. அதில் எனக்கு வந்த அற்ப சந்தோஷத்தையும் மறைக்க மாட்டேன்.

பத்துப் பதினைந்து நாள் நீ என்னிடம் பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மிக்சி ஓடும், தட்டு அதிரும், அவ்வளவுதான். பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம், நான் முன்பே தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை எடுத்துக்கொண்டு வந்தாய். "கண்ணு தெரியாதவ தெச்சது. பாத்துப் போட்டுக்க" என்று மடியில் போட்டாய். நான் அழுதேன். நீ சமாதானம் செய்யவில்லை, நல்லதுதான்.

"ஏண்டி, நீயே சொல்லியிருக்கலாமே, எனக்குக் கண்ணு தெரியும்னு?" என்று கேட்டேன். அவ்வளவு நடந்த பிறகும் தப்பை உன் பக்கம் தள்ளப் பார்த்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"நான் சொன்னா புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு அந்த ஆளு ஒதுங்கிப்பான். நீ கவர்மெண்டு சீட்ல குந்திகினு கீற. அவன் உன்னத்தான கேட்டான். நீ சொல்லுவேன்னு உன் மூஞ்சியே பாத்துகினு இருந்தேன்." வாசல் வரை போய்த் திரும்பினாய். "அடுத்த தடவ நானே அமுக்குவேன். எனக்காக நீ ஒண்ணும் பேச வாணாம். தலய மட்டும் ஆட்டாதே."

அடுத்த தடவை உனக்கு வரவில்லை. வேலைக்குப் போன இடத்தில், மேசையில் சட்டைகள் கிடக்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, பட்டியல் திருத்தும் வேலைக்கு உன் வீட்டுக்குப் போனேன். சுவரில் உன் போட்டோ, பூமாலை. உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் அழுதார். அந்த அழுகை பொய்யில்லை, அதை நான் சொல்லத்தான் வேண்டும். பேரை நீக்கும் ஃபாரத்தை எடுத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருந்துட்டுப் போவட்டுமே டீச்சர். ஒரு பேருதான. அது பாட்டுக்கு ஓரமா இருக்கட்டும்."

"எதுக்கு?"

"எலெக்சன் வருது இல்ல. யாராவது பொம்பளயக் கூட்டிகினு போய்... உங்களுக்குத் தெரியாததா? நீங்க கண்டுக்காம வுட்டா போதும். உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

அழுத ஈரம் கன்னத்தில் காயவில்லை. அதற்குள் உன் பேரை யார் கையில் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுவிட்டார். எனக்கு அந்த வீட்டுக் காற்றே பிடிக்கவில்லை. உயிரோடு இருந்தபோது கண்ணைப் பிடுங்கியாயிற்று. செத்த பிறகு பேரையும் வைத்து ஒரு ஷிப்ட் பார்க்க வேண்டுமா? இறப்புச் சான்றிதழ் நகலைக் கேட்டேன். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்றார். பைபிளுக்குள் மடித்து வைத்திருப்பது எனக்குத் தெரியும். நானே போய் எடுத்து வந்தேன். ஃபாரத்தை எழுதி முடித்து, "நாளைக்கே ஆபீஸ்ல குடுத்துடுவேன்" என்றேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவதில்லை.

புதிய பட்டியலில் உன் முகத்தின் மேல் குறுக்கே நீக்கப்பட்டது என்று அச்சடித்து வந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் ஓட்டை அவர்களிடமிருந்து காப்பாற்ற எனக்குக் கிடைத்த ஒரே வழி உன் பேரை அடிப்பதுதான் என்றால், இது என்ன உரிமை, இது என்ன ஊர்? உனக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் நீ போன பிறகு உன்னை இல்லாமல் ஆக்கியது. இதை யாரிடமாவது சொல்லித் துப்ப வேண்டும் போலிருந்தது. தண்ணீர் வரிசையில் நீ இல்லை.

போன வாரத் தேர்தலுக்கும் அதே பள்ளிக்கூடம், அதே மேசை. நீ தைத்த ரவிக்கை இப்போது எனக்குப் பத்தாது. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். பட்டியலைப் புதிதாக எண் போட்டு அடித்திருந்தார்கள். நாற்பத்து மூன்று இப்போது வேறொரு பெண், நம் லைனுக்குக் கல்யாணமாகி வந்து ஒரு வருடம் ஆன சின்னப் பெண். பதினோரு மணிவாக்கில் புருஷன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். "இவளுக்குக் கண்ணு சரியா தெரியாது சார்" என்றான். வார்த்தை கூட மாறவில்லை. அதிகாரி, புதியவர், என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள்.

இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. "நல்லா தெரியும் சார். ஓட்டு ஸ்லிப் குடுக்கப் போனப்போ அவங்க அப்பா பேர்ல எழுத்து தப்புன்னு எனக்கே காட்டினவ" என்றேன். வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அவன் என்னை முறைத்தான், "உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்றான். அதிகாரி அவனை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு அவளைத் தனியே உள்ளே விட்டார். மிஷின் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தவள் என் மேசையருகே குனிந்து, "கோச்சிக்காதீங்க டீச்சர், அவரு சொன்னதுக்கே போட்டுட்டேன்" என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. இதற்கா இத்தனை பேரை விரோதித்துக்கொண்டேன் என்று வாய்வரை வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன். அவ விரல், அவ அமுக்கினா, உனக்கு இன்னா என்று என்னைத்தான் திட்டியிருப்பாய். வாயை மூடிக்கொண்டேன்.

அருவருப்பு போகவில்லை. அடுத்த பூத்தில் என்ன நடந்தது, அதற்கடுத்ததில் என்ன நடந்தது, எனக்குத் தெரியாது. நேற்று மார்க்கெட்டில் பார்த்ததையும் சொல்லிவிட்டேன். ஆனால் அன்று அவர்கள் இருவரும் கேட்டைத் தாண்டிப் போகும்போது நான் எழுந்து நின்று பார்த்தேன். அவன் பெட்டிக்கடையில் நின்று தண்ணீர் பாட்டில் வாங்கினான். வாங்க நீட்டிய வலது கை விரல்களில் ஒரு பொட்டு மை இல்லை. உட்கார்ந்து, என் தாளில் நாற்பத்து மூன்று என்று எழுதினேன்.